மோட்டாருக்குத் தெரிந்த இரண்டு எண்கள்

இன்று காலை பதினோரு மணி வாக்கில், மில் அலுவலகத்தில் என் மேசைமேல் கிடந்த செல்போன் உன் பெயரைக் காட்டி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, போனு அடிக்குது, எடுக்கலையா?" என்றாள். "எடுக்கக் கூடாது" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மார்க்கையன்கோட்டையில் என் தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்த மணி என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அதற்கு ஏன் ஒரு பெண்ணின் பெயர், அவள் யார், எங்கே இருக்கிறாள் என்று கேட்பாள்.

அதனால் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ இருந்தவரை என்னை எதையும் முழுதாகச் சொல்ல விட்டதில்லை, பாதியிலேயே குறுக்கே விழுவாய். இந்த ஒரு தடவை நான் சொல்லி முடிக்கிறேன், நீ சும்மா இரு.

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் கடைக்கு நான் முதலில் வந்தபோது, என் கணவர் இறந்து மூன்று மாதம். கையில் அவருடைய செல்போன். திரை உடைந்து கறுத்துப் போயிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் ரேடியோவோடு நின்று, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஈயம் பற்றவைக்கும் சால்ட்ரிங் ராடைக் கையில் பிடித்தபடியே நீ, "சாப்பிடப் போயிருக்காக. வச்சுட்டுப் போங்க" என்றாய். அவர் டீ குடிக்கப் போனதும் ரேடியோவைப் பிரித்தாய், பற்றவைத்தாய், மூடினாய். திரும்பி வந்தவரிடம் கொடுத்து, "மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டாக" என்றாய். மூன்று மாதத்தில் அன்றுதான் நான் சிரித்தேன்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்த ஒரே பெண் நீ. கடமலைக்குண்டிலிருந்து இறங்கி வந்து தனியாகக் கடை போட்டிருந்தாய். நீதான் மெக்கானிக் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால், இல்லாத ஓர் ஆண் மெக்கானிக்கை ஊர் முழுக்க நம்ப வைத்திருந்தாய். உனக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் உன் சார்பில் கோபம் வந்தது.

என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாய். "கண்ணுதேன் போச்சு. காதும் வாயும் நல்லாத்தேன் இருக்கு" என்றாய். இரக்கத்தோடு நீ சொல்லவில்லை, ஒரு பொருளைப் பற்றிச் சொன்னாய். அதனாலேயே எனக்கு உட்கார்ந்து பேசத் தோன்றியது.

அன்று நான் உன்னிடம் கொட்டியது என் தோட்டத்தின் கதை. தோட்டத்துக்கு மும்முனைக் கரண்ட் நாளுக்குச் சில மணி நேரம்தான் வரும், அந்த நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும். நானோ தேனியில், டைப் அடிக்கிற வேலையில். கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் ஆட்டோ சுவிட்சு வைத்துப் பார்த்தேன். கோடையில் கிணற்றில் தண்ணீர் வற்றியதும் நிறுத்த ஆள் இல்லாமல், மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே கம்பிச் சுருள் கருகிவிட்டது. கொழுந்தன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "மதினி, ஒங்களுக்கு ஆபீஸ் சோலியே சரியாப் போயிருது. தோட்டத்த எங்கிட்ட விட்ருங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்கு எரிந்தது. பட்டா மாமனார் பெயரில் இருந்தது. "இந்தக் கோட தாண்டட்டும். வாழ நின்னா தோட்டம் ஒனக்கு, காஞ்சா சின்னவனுக்கு" என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த வாழை நானும் என் கணவரும் சேர்ந்து நட்டது. அவர் போன பிறகு எனக்கென்று நிற்க இருந்த இடம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, அதற்குக் காரணம் சொல்லவும் மனமில்லை.

நீ காரணம் கேட்கவில்லை. "ஒனக்குத் தெரிய வேண்டியது ரெண்டுதேன். நீ சொன்னது அங்கன கேட்டுச்சா? கேட்டுத் தண்ணி விழுந்துச்சா? அம்புட்டுத்தேன்" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமில் ஒரு பெட்டியை மாட்டினாய். உள்ளே என் கணவரின் போன். நான் ரிங் விட்டால் அதன் மணி மோட்டாரைப் போடும், மறுபடி விட்டால் நிறுத்தும். தொட்டியில் ஒரு மிதவைப் பந்து. தண்ணீர் விழுந்து பந்து எழும்பினால், அந்தப் போன் எனக்குத் திருப்பி அடிக்கும். தண்ணீர் நின்று பந்து தாழ்ந்தால் மோட்டாரும் நின்றுவிடும். "எடுத்துறாத ஆத்தா, எடுத்தாக் காசு போயிரும். அடிச்சு ஓஞ்சா தண்ணி விழுகுதுன்னு நெனச்சுக்க" என்றாய். கரண்ட் இல்லையென்றால் பதில் வராது, கொஞ்சம் பொறுத்து மறுபடி ரிங் விட வேண்டும்.

அந்தப் பந்து, நீ பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கழிப்பறைத் தொட்டியின் பந்து. கொழுந்தன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "கக்கூசுப் பந்தா வாழைக்குத் தண்ணி பாச்சப் போகுது?" என்று சிரித்தார். நீ ஏணியில் நின்றபடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பந்துக்கு அது எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியாது. தண்ணி வந்தா மெதக்கும்" என்றாய்.

முதல் வாரமே உன் பெட்டி மானத்தை வாங்கியது. போன் கம்பெனிக்காரர்கள் பாட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி என் கணவரின் போனை அழைக்க, மோட்டார் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிறுவரை நிற்கவில்லை. மாமனார் வீட்டில் நான் வைத்துவிட்டுப் போன என் செல்லில், 'மோட்டார்' என்று இருந்த எண்ணைக் கொழுந்தன் குறித்துக்கொண்டிருக்கிறார். மாமனாரைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்து, என் கண் முன்னால் தன் போனை எடுத்து ரிங் விட்டார். மோட்டார் ஓடியது. மறுபடி விட்டார், நின்றது. "பாத்தீகளா? யாரு கூப்புட்டாலும் ஓடுது. இதுல மதினி பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார். மாமனார் தலையை ஆட்டினார். நான் வாழைக்குள் போய் நின்று அழுதேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

மறுநாள் மாலை உன் கடையில் நான் வெடித்துக் கொட்டியதும் நீ முதலில் கேட்டது, "எதுக்கு மோட்டார்னு பதிஞ்ச?" என்றுதான். என் போனைப் பிடுங்கி, அந்த எண்ணுக்கு உன் பெயரை வைத்தாய். பெட்டிப் போனின் சிம்மும் உன் பெயரில் வாங்கியதுதான். உன் சொந்த எண்ணை நான் 'மெக்கானிக்' என்று பதிந்துகொண்டேன். அப்புறம் அந்த ஞாயிறு தோட்டத்துக்கு வந்து, பெட்டியைத் திறந்து, கண் போன போனுக்குக் கொஞ்ச நேரத்துக்கு வேறொரு திரையை மாட்டினாய். எல்லா எண்ணுக்கும் மணியை ஊமையாக்கினாய். இரண்டே இரண்டு எண்களுக்கு மட்டும் பாட்டு வைத்தாய். ஒன்று என்னுடையது, இன்னொன்று உன்னுடையது. "இனிமே ஊரே கூப்புட்டாலும் இதுக்குச் செவிடு" என்றாய்.

கொழுந்தன் மறுபடி மாமனாரைக் கூட்டி வந்தார். ரிங் விட்டார். மோட்டார் அசையவில்லை. இன்னொரு தடவை விட்டார். நான் என் போனை எடுத்து அழுத்தினேன். மோட்டார் உறுமியது, தண்ணீர் விழுந்தது, பந்து எழும்பியது, என் கையில் உன் பெயர் அடித்தது. மாமனார் என் போனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "ஏலே, ஒன் போனு ஊமையாப் போச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை உனக்கு எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பேன்!

அதற்கும் கொழுந்தன் விடவில்லை. "அவசரம் ஆத்தரத்துக்கு என் நம்பரையும் போட்டு விடும்மா" என்று உன் கடைக்கே வந்தார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். நீ முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல், "மெக்கானிக் சாப்பிடப் போயிருக்காக. வந்தாச் சொல்றேன்" என்றாய். "எப்ப வருவாக?" என்றார். "அவுக வர்றது லேசு இல்ல" என்றாய்.

வாழை நின்றது. தார் தள்ளியது. மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பட்டாவை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். முதல் தாரை வெட்டி உன் கடைக்குத் தூக்கி வந்தேன். "இத எங்கன மாட்டுறது?" என்று திட்டினாய்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. புற்று என்று மதுரையில் சொன்னார்கள். கடைசியாகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். நான் கண்ணைத் துடைத்தபோது, "பந்து நல்லாருக்கா?" என்று கேட்டாய்.

அந்த வாரம் வியாழக்கிழமை, அலுவலகத்தில் உன் பெயர் அடித்தது. நான் அன்று மோட்டாருக்கு ரிங் விடவே இல்லை. பெட்டி பழுதாகிவிட்டதோ என்று முதலில் பயந்தேன். பிறகுதான் இரண்டாவது எண் நினைவுக்கு வந்தது. 'மெக்கானிக்'கை அழைத்தேன். உன் தங்கச்சி எடுத்தாள். "அக்கா இப்பத்தேன் கண்ணசந்துச்சு. யாருக்கோ ஒரு ரிங் விட்டுட்டுத் தானாச் சிரிச்சுச்சு" என்றாள். மதுரையில் கட்டிலில் கிடந்தபடி என் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாய். சனிக்கிழமை நீ இல்லை.

போன மாதம் பெட்டி நின்றுபோனது. புதுச் சாமானோடு ஒரு கம்பெனிக்காரர் தோட்டத்துக்கே வந்தார். "இப்பத்தேன் வந்துருக்கு மேடம், போன்லயே மோட்டாரை ஓட்டலாம், மெசேஜே வரும்" என்றார். நாலு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உன் தங்கச்சியிடம் கேட்டு உன் சால்ட்ரிங் ராடை வாங்கி வந்தேன். நீ செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்து, மூன்று ஞாயிறு போராடினேன். இரண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டேன். ஒரு ஒயர்தான் விட்டிருந்தது. பற்ற வைத்ததும் ஓடியது.

மோட்டார்ச் சத்தம் கேட்டுக் கொழுந்தன் வந்தார். உன் சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர், அதை நான் மறக்கவில்லை. "யாரு மதினி சரி பண்ணது?" என்றார். "மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டாக" என்றேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதே தன்மையோடு, "அவுக நம்பர்தேன் இனிமே சும்மா கெடக்கே. அந்த எடத்துல என் நம்பரப் போட்டுக்கலாம்ல?" என்றார். அந்தச் சிம்மையும் மாற்றச் சொன்னார். செத்தவர் பெயரில் வைத்திருக்கக் கூடாதாம்.

சிம்மை வேண்டுமானால் மாற்றிக்கொள்கிறேன். என் போனில் உன் பெயரை மாற்ற மாட்டேன். உன் எண்ணையும் யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். அவரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். உன் ராடு என் கைப்பையில்தான் இருக்கிறது, அலுவலகத்துக்கும் அது கூட வருகிறது. பெட்டிக்குள் இப்போதும் இரண்டு எண்களுக்கு மட்டும்தான் பாட்டு. நீ எங்கிருந்து கூப்பிட்டாலும் மோட்டார் ஓடும்.