செர்ரிப் படத்தின் ஓரம்

10-9-1964, வியாழன்
வத்சலா டீச்சர் ஜப்பான் படத்தைக் கொடுத்தார். திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் அவர் அண்ணா வாங்கி வந்தது. மரத்தில் செதுக்கி அச்சடித்தது. ஆற்றங்கரை முழுக்கச் செர்ரிப் பூ. வானம் அடியில் ரோஜா நிறம். மேலே போகப் போக வெளுத்து, நிறம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.
"இந்த விடியலைப் பாத்துப் பழகு. டிராயிங் பரீட்சைக்கு நம்ம ஸ்கூல்லேருந்து ரெண்டே பேர்தான். ஒண்ணு நீ."
ஓரத்தில் பொடி எழுத்துகள். செதுக்கியவர் பெயரும் அச்சடித்தவர் பெயருமாம்.
வாப்பா பைண்டிங் பட்டறைக்காரர் அல்லவா, படத்தை விட்டுவிட்டுத் தாளைத்தான் தடவிப் பார்த்தார்.

12-9, சனி
குழாயடியில் வானத்தையே பார்த்து நின்றேன். குடம் வழிந்தது. "ஏட்டி ஹபீபா, ஜப்பானுக்கும் சேத்தா தண்ணி புடிக்கே?" என்றார் பீவி மாமி. நம் விடியலில் ரோஜா இல்லை. புகைதான். மூன்று தாள் வீண்.

13-9, ஞாயிறு
ஐயோ. வாப்பா வெட்டிவிட்டார்.
நேற்றுப் பட்டறைக்குக் கொண்டுபோய் நான்கு ஓரமும் சீராக வெட்டி, அட்டையில் ஒட்டி— "ஓரமெல்லாம் கோணலா கெடந்துச்சு. டீச்சர் பாத்தா சந்தோசப்படுவாவ." முகமெல்லாம் சிரிப்பு.
"நல்லாருக்கு வாப்பா" என்றேன்.
துண்டுகள் நேற்றே கழிவு மூட்டையோடு போய்விட்டன. அந்த இரண்டு பெயர்களும்.

14-9, திங்கள்
"யாருடி வெட்டினா?"
ஸ்டாஃப் ரூமில் அத்தனை டீச்சர்கள். வாப்பாவை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?
"நான்தான் டீச்சர்."
பரீட்சைப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்.
வீட்டில் வாப்பா: "என்ன சொன்னாவ?"
"ரொம்பப் புடிச்சிருக்காம்."
ஏன் சொன்னேன்? ஏன்?

16-9, புதன்
டீச்சரிடம் இருக்கும் மற்றப் படங்களை வைக்க ஒரு ஃபைல் தைக்கிறார் வாப்பா. நாளை அவரே கொண்டுபோவாராம்.
"நான் குடுக்கேன் வாப்பா."
"சும்மா கெட."


17-9
போய்விட்டு வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

18-9, வெள்ளி
டீச்சர் என் பெயரை மறுபடி எழுதினார். "நான்தான் வெட்டினேன்னார் உங்கப்பா. உக்காருங்கோன்னேன், உக்காரவே இல்லை."
வாப்பா இன்றும் பேசவில்லை.

20-9, ஞாயிறு
பரீட்சைக்கு வாப்பாதான் கூட்டிப் போனார். சயான் ரயில் ஸ்டேஷனில்தான் வாயைத் திறந்தார்.
"டீச்சர்ட்ட பொய் சொன்ன, சரி. எங்கிட்ட எதுக்கு புள்ள சொன்ன?"
வண்டி வந்துவிட்டது.
மூன்று மணி நேரம் வரைந்தேன். வெளியே வந்தால் வாசலிலேயே குந்தியிருக்கிறார்.
"அன்னைக்கு நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்திய வாப்பா" என்றேன்.
எழுந்து, என் கையிலிருந்த பெயிண்ட் பெட்டியை வாங்கிக்கொண்டார்.