நீல நூல் தைத்த முந்தானை

திண்டிவனம்,
8-8-1936

அன்புள்ள முருகையனுக்கு,

வெங்கடாசலம் எழுதுவது. இங்கு நான் சுகம். விழுப்புரத்தில் நீயும் குழந்தைகளும் சுகந்தானே? உன் மனைவிக்கு இருமல் நின்றதா?

இந்தக் கடிதத்தை நீயே பிரித்துப் படி. உன் ஆபீஸ் குமாஸ்தா அடுத்தவர் தபாலைப் பிரிக்கிற ஆள் என்று எனக்குச் சந்தேகம். இவனுக்கு எதில்தான் சந்தேகம் இல்லை என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பட்டணத்துக் கதர்க் கடைக்காரர் மறுபடியும் எழுதியிருக்கிறார். நூற்பவர்களுக்குக் கூலியைக் கூட்டியதால் துணி விலை ஏறிவிட்டதாம், வாங்க ஆளில்லையாம். நம் நூற்போர் சங்கமோ ஏழைப் பெண்களின் கூலியில் கை வைக்காதே என்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில், இந்த நூற்பு நிலையத்தை வைத்துக்கொண்டு நான் விழிக்கிறேன். போதாததற்கு, கதர் உடுத்தாதவளுக்குப் பஞ்சு கொடுக்கக் கூடாது என்று உன் ஆபீஸ் உத்தரவு வேறு.

போன வாரம் நூல் கொண்டுவந்த சவுரியம்மாளின் கதர்ப் புடவை முந்தானையில் ஒரு கிழிசல், நீல நூலால் தைத்தது. சற்றுப் பொறுத்து வந்த பாஞ்சாலியின் முந்தானையிலும் அதே தையல். பிறகு அம்சவள்ளி. ஒரே புடவை கைமாறுகிறது, களவு என்றே முடிவு கட்டினேன். இந்த வாரம் நிலையக் கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சவுரியம்மாளின் பின்னாலேயே போனேன். அவள் வீட்டுக்குள் போனாள். அதே புடவையில், கையில் நூலோடு, அஞ்சம்மாள் வெளியே வந்தாள். அவளும் நம்மிடம் நூற்பவள்தான். வழிமறித்து அதட்டினேன்.

“திருடலைங்க. எங்க நாலு பேருக்கும் கதருன்னா இது ஒண்ணுதாங்க. சவுரியம்மா கூலியில பிடிச்சிக்கச் சொல்லி வாங்கினது. மாத்தி மாத்திக் கட்டிக்கினு வர்றோம். பஞ்சை நிறுத்திடாதீங்க, அடுப்பு எரியாது” என்று அழுதாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முருகையா, அவர்கள் நூற்ற துணியை அவர்களே வாங்க முடியாத விலைக்கு விற்றுவிட்டு, உடுத்தவில்லை என்று தண்டிக்க நாம் யார்? விதியை மீறினேன் என்று தெரிந்தால் நிலையத்தையே மூடுவார்கள். அப்போதும் பட்டினி அந்த நாலு வீட்டுக்குத்தான். பதிவேட்டில் நால்வருக்கும் கதர் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். தெரிந்தே எழுதிய பொய்.

வெள்ளிக்கிழமை நீ சோதனைக்கு வருகிறாய். சாப்பாடு நம் வீட்டில்தான். நீ கண்டிப்பானவன், உன்னை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடு. சேர்ந்து நிற்கச் சொல்லாதே. ஒருத்தி போய் அடுத்தவள் வருவதற்குள், நிதானமாக ஒரு வெற்றிலை போட்டுக்கொள்.

உன்னை நம்பியிருக்கும்,
வெங்கடாசலம்