கோயில் தொட்டித் தண்ணீர்

அன்புள்ள சின்ன மகளுக்கு,

உன் அண்ணனின் மகன் தாரகன் பிராண்டே ஊரில் காற்றாலைக் கொம்பனியில் இஞ்சினியராகிவிட்டான். அவன் தங்கை சாரங்கா டொக்டருக்குப் படித்து முடித்து, முதல் சம்பளத்தில் என்னை டேனிஷ்காரரின் சுற்றுலாக் குழுவோடு ஜப்பானுக்குக் கூட்டிப்போனாள்.

என்ன துப்புரவு, என்ன மரியாதை பிள்ளை! ரயில் பெட்டியைத் துடைக்கிற பெண்கூட எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறாள்.

ஒரு கோயில் வாசலில் கல்தொட்டியும் மூங்கில் அகப்பையும் இருந்தன. எல்லோரும் கைகழுவி வாய் கொப்பளித்தார்கள். நான் தீர்த்தமென்று குடித்துவிட்டேன்.

"ஐயோ அப்பம்மா, அது குடிக்கிறேல்லை, துப்புங்கோ!" என்றாள் சாரங்கா.

"நீங்கள் சும்மா இருங்கோ, டொக்டரம்மா! கோயில் தண்ணியை ஆரும் துப்புவினமே?"

வழிகாட்டிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன். உன் மகனை நினைத்தபோது முகம் வரவில்லை. நீ எங்களோடு கதைப்பதை விட்டு அல்பர்ட்ஸ்லுண்ட் நகரத்துக்குப் போனபிறகு பிறந்தவன். யாரோ கைபேசியில் காட்டிய, துணியில் சுற்றிய குழந்தைதான் கண்ணில் நின்றது. இப்போது பள்ளிக்கூடம் போகிறானாம்.

உன்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. முன்பல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, அவன் சிரிக்கிற புதுப் படம் ஒன்றைத் தபாலில் போட்டுவிடு.

உன் அம்மா