அணில் முத்திரையை உடைக்க அனுமதி வேண்டி முத்தாற்று அரசியாருக்கு

நலம் பெருகுக! ஏரிகள் நிறைக! இரு நாட்டிலும் ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போகாதிருக்க!

பதினேழு கோட்டைகளைத் திரையிலே வென்று, பதினெட்டாம் கோட்டையின் பாலத்திலே உறைந்து நின்ற வல்லிநாட்டு மன்னர் எயினன் நெடுவேளார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் காரி நக்கன் எழுதும் ஓலை. முத்தாற்று நாட்டின் பட்டத்தரசியாரும், மன்னருக்கு ஒரே தங்கையாரும், குறி தவறாத வில்லும் அதனினும் குறி தவறாத நாக்கும் உடையவருமாகிய அல்லியங்கோதையார் திருமுன் இது சேர்க. அங்கே கணவர் பெருமானும் நாத்தனாரும் குதிரைகளும் நலமென நம்புகிறோம். தாங்கள் ஆட்டத்தில் மன்னரை பிளாக் செய்துவிட்டமையால், செய்தி இப்படிக் குதிரையேறி வர வேண்டியதாயிற்று. பொறுத்தருள்க.

சென்ற முழுமதி நாளில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் இங்கிருந்து பார்த்தபடி ஒருமுறை சொல்லியாக வேண்டும். தாங்கள் அங்கும் மன்னர் இங்குமாக இணையத்தின் வழி அமர்ந்து, ஏழு ஆண்டுகளாக மாதந்தோறும் ஆடிவரும் முற்றுகை ஆட்டத்தில், நாற்பது பூதங்கள் பாலத்தின் மேல் ஏறி வர, தாங்கள் முன்னே பாய, பின்னே காவல் நின்ற மன்னர் கல்லாய்ச் சமைந்தார். தாங்கள் மாண்டீர்கள். அண்ணன் பயந்து ஓடிவிட்டான் என்றும், அடுத்த முழுமதிக்கு நாத்தனாரையே துணைக்குச் சேர்த்துக்கொள்ளப் போவதாகவும் தாங்கள் சொல்லியனுப்பியது இங்கு வந்து சேர்ந்தது. அன்று மன்னர் நெய்யப்பத்தை வேண்டாமென்றார். அவர் அப்படிச் சொல்லி இந்நாடு அதுவரை கேட்டதில்லை.

ஓடவில்லை, அரசியாரே! உறைந்தது படம்தான். பட்டத்துக் கணிப்பொறிக்கு வயது பன்னிரண்டு ஆகிறது. அதற்குள் அமர்ந்து படம் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு, ஒரு பூதம் வந்தால் வரையும், இரண்டு வந்தால் மூச்சு வாங்கும், நாற்பது வந்தால் என்ன செய்யும், பாவம்! இதை மன்னருக்கு எடுத்துரைத்தவர் பொறிவினைஞர் பெருந்தேவியார். கடைவீதியில் பழுது பார்ப்பவர், யாருக்கும் அஞ்சாதவர். கார்டை மாற்றினால் போதும், பாலத்தில் மன்னர் மலைபோல் நிற்கலாம் என்று அவர் விண்ணப்பித்த மாத்திரத்தில் மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. அரியணையில் அமர்ந்தபடியே காற்றில் வில் வளைத்துப் பார்த்தார். வழக்கு சொல்ல வந்த இரண்டு உழவர்கள் தம் வழக்கை மறந்து தூணுக்குப் பின்னே ஒளிந்தார்கள்.

கடல் கடந்து வந்தது புதிய கார்டு. முழங்கை நீளம், மூன்று விசிறி, பக்கத்தில் நிறம் மாறி மாறி ஒளிரும் விளக்கு! யானை மேல் ஏற்றி, முரசு அறைந்து, நான்கு வீதியும் சுற்றிக் கொண்டுவந்தோம். அமைச்சர் கீரந்தையார் முறைப்படி அதற்குச் சந்தனம் சாத்தினார். சாத்தியது, கணிப்பொறிக்குள் செருகும் பொன்னிறப் பற்களின் மேல்! பெருந்தேவியார் அலறிய அலறலில் யானையே இரண்டடி பின்வாங்கியது. அமைச்சர் அருகில் நிற்க, ஒவ்வொரு பல்லாக அவர் துடைத்து முடித்தார். அப்போது அவர் முணுமுணுத்தவை ஓலையில் ஏறத் தக்கன அல்ல.

அத்தோடு விட்டாரா அமைச்சர்? பட்டம் கட்டிய யானைக்கு வயதானால் அதைக் கொட்டிலை விட்டு விலக்குவதில்லை, புதியதை அருகே கட்டுவதே நம் நாட்டு வழக்கமென்றும், பன்னிரண்டு ஆண்டு உழைத்த பழைய கார்டைப் பிடுங்கி எறிவது அறமாகாதென்றும் அவர் உரைக்க, மன்னரும் மனமிளகித் தலையசைத்தார். எனவே பழையதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் புதியதைச் செருகினார் பெருந்தேவியார். செருகியதும், முடுக்கும் உரிமை அரண்மனையார்க்கே உரியது என்று சொல்லி அவரை வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவைத்தார் அமைச்சர்.

நல்ல நேரத்தில் மன்னர் பொத்தானை அழுத்தினார். ஆகா! மூன்று விசிறியும் சுழன்றன, அரண்மனை விளக்குகள் ஒருகணம் மங்கி எழுந்தன, மன்னருக்கு வாயெல்லாம் பல். தனியே ஆடிப் பார்க்கப் பாலத்தை அடைந்தார். பூதங்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. படம் உறைந்தது, சென்ற மாதம் போலவே! கார்டு போலி என்றார் அமைச்சர். வணிகனைப் பிடித்து வருக என்றார் படைத்தலைவர். மன்னர் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்ப அழைக்கப்பட்ட பெருந்தேவியார் வந்து பார்த்தார், தரையில் அமர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரைக்குப் போகும் கம்பி இன்னும் பழைய கார்டிலேயே இருக்கிறது என்றும், புதியது தீட்டும் படத்தைப் பார்ப்பார் யாருமில்லாமல் அது சும்மா விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும், கம்பியை எடுத்துப் புதியதில் செருகினால் முடிந்தது வேலை என்றும் சிரிப்பினூடே விளக்கினார். மன்னர் துள்ளியெழுந்து கணிப்பொறியின் பின்புறம் ஓடி, அங்கே தொங்கிய பட்டுத்துணியை விலக்கினார்.

கம்பி பழைய கார்டில் நுழையும் இடத்தில், சிவந்த அரக்கின் மேல், வாலைத் தூக்கிக்கொண்டு ஓர் அணில்!

தங்கள் மோதிர முத்திரை, அரசியாரே. மணமாகிப் புறப்பட்ட நாளில், அண்ணன் திரையைக் கழற்றித் தன் பள்ளியறைக்குக் கொண்டுபோய்விடுவான் என்று அழுதுகொண்டே அரக்கை உருக்கி ஊற்றினீர்களே, அதே முத்திரை. பொருள்மேல் இட்ட முத்திரையை இட்டவரோ அவர் அனுமதி பெற்றவரோதான் உடைக்க வேண்டும் என்பது வல்லிநாட்டுச் சட்டம். ஆவி காட்டினால் அரக்கு தானே இளகிவிடும், யாருக்குத் தெரியப் போகிறது என்று அமைச்சர் மெல்ல யோசனை சொன்னார். அரசியார் வாய்க்கு அஞ்சி இந்த ஓலைநாயகமும் அதையே ஆதரித்தான் என்பதை மறைப்பானேன்? மன்னர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். ஏழு ஆண்டுகளாக வாரந்தோறும் அந்தப் பட்டுத்துணியைத் தம் கையாலேயே தூசி தட்டி வருபவர் அவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முழுமதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. படகில் வந்தால் நான்கு நாள் வழி. முத்திரையை உடைக்கத் தங்கள் கையொப்பத்தோடு அனுமதி தருவீர்களாயினும் சட்டத்துக்கு அது போதும். ஆனால் மன்னரின் விருப்பம் வேறாக இருக்கிறது. அதை அவர் சொன்னபடியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் எழுத வேண்டுமென்பது உத்தரவு:

"ஏ அல்லி, நான் ஓடலடி. நீ விழுந்தத பாத்துக்கிட்டே கை அசைக்க முடியாம உக்காந்திருந்தேன், தெரியுமா? நாத்தனார எல்லாம் சேத்துக்காத, அவங்களுக்கு வில்லு பிடிக்கவே தெரியாதுன்னு நீதான சொன்ன! நீயே வந்து பிடுங்கு. உன் நாற்காலி அங்கயேதான் கெடக்கு, ஒருத்தரையும் உக்கார விடல. வாடி."

அரச முத்திரை இடும் இடத்தில், அரக்கைக் கண்டாலே இப்போது கலங்குவதால், மன்னர் தம் கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றியிருக்கிறார். முடிவில் 'இது ஆணை' என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு 'இது கெஞ்சல்' என்று எழுதச் சொன்னார். எழுத்தாணி கீறியதை அழிக்க வழியில்லை ஆதலால், இரண்டும் கீழே உள்ளன.

இது ஆணை.

இது கெஞ்சல்.