மூன்றாம் கணினியில் நிற்கும் பெயர்கள்

3.1.2005, திங்கள்

விடிந்தது முதல் மழை. கல்முனை, சுனாமி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடம். நான்கு கணினிகளையும் கேபிளால் இணைத்தாயிற்று. காணாமற்போனவர்களைத் தேடுவோர் தரும் படிவமும், ஆஸ்பத்திரி, முகாம் பட்டியல்களும் பெயரின் முதலெழுத்துப்படி ஒரு கணினிக்குப் போகும். எழுத்து முன்பின் மாறியிருந்தாலும் அது ஒப்பிட்டுச் சொல்லும். மெதுவான வேலை. முதலெழுத்து என் யோசனை. முப்பது வருடம் வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவன் வேறென்ன சொல்வான்.

சுலைஹா காலையிலேயே. கணவர் அலையோடு போய்விட்டார். அவளுக்குக் கூடப்பிறந்தவர் எவருமில்லை. தேடுவது மகனை. முகம்மது அஸ்ஹர், வயது ஆறு.

"எண்ட புள்ளட பேரு வந்திட்டா சேர்?"

"இன்னும் இல்ல மகள்."

4.1, செவ்வாய்

மழை விடவில்லை. மூன்றாம் கணினி (க.3) திணறுகிறது. மற்றவை சும்மா. கேபிள் மாற்றினோம். பிறகு கணினியையே மாற்றினோம். புதியதும் அதே பாடு.

றிஸானா (என் பழைய மாணவி, இயந்திரங்கள் அவள் பொறுப்பு): "மூணு மாடு படுத்துக் கிடக்கு, ஒண்டு மட்டும் இழுக்கிது சேர்."

தேநீர் வரிசையில் கேட்டது: "வேன் ஒண்டு முகாம் முகாமாப் போய்த் தனிச்ச புள்ளையள விசாரிக்கிதாம்."

வாங்க: மெழுகுதிரி, தலையிடிக் குளிசை, மனைவிக்குச் செருப்பு.

சுலைஹா மூன்று தரம் வந்தாள்.

5.1, புதன்

மழை இல்லை. கடல் இரைச்சல் இங்குவரை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு படுத்தும் தூக்கமில்லை. அப்போதுதான் பிடிபட்டது. விடைத்தாள்களை முதலெழுத்தால் பங்கிட்டால், 'மு' வாங்கிய ஆசிரியர் பெருநாளுக்கும் வீடு போகமாட்டார். நம்மூர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் முகம்மது. அத்தனை பேரும் க.3இல்.

"முறைக்கு ஒண்டாப் பங்கு போடு" என்றேன் றிஸானாவிடம்.

"தாய்ர படிவம் ஒரு மெசினுக்கும் புள்ளட பேரு இன்னொண்டுக்கும் போனா, ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது சேர். ரெண்டாவது பேரால பிரிப்பம். உங்கட இடாப்ப இனிக் கடல்ல போடுங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

பத்து மணிக்கு ஓடவிட்டோம். நான்கும் இழுத்தன. பெயர்கள் கொட்டின. அரை மணியில்: முகம்மது அஸ்ஹர், 6, உயிருடன். ஆஸ்பத்திரிப் பட்டியல் நம்மிடம் வந்தது திங்கள் காலை. இரண்டு நாள் க.3இல் கிடந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். தாதி சந்தோஷமாகத்தான் சொன்னாள்: "அந்தப் புள்ளயா? நேத்துப் பின்னேரம் தாய்மாமன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார் சேர். வேன் கொண்டு வந்திருந்தார்."

சுலைஹா வாசலில்.

"வந்திட்டா சேர்?"