மலைக்குப் போன கேரியர்

ஜூலை 10, புதன்

கிடைத்துவிட்டது! ஞாயிறு லீவு. ஜெலாப்பாங் பேக்டரி சூப்பர்வைசர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சுளிக்கட்டும். மூன்று வருஷம் கழித்து அண்ணனைப் பார்க்கப் போகிறேன்.

யுகேந்திரன் தாய்லாந்து போய் மொட்டை போட்டு புத்த பிக்கு ஆனதிலிருந்து வீட்டில் அவன் பேரையே எடுக்கக்கூடாது. இப்போது தாப்பா தாண்டி மலைமேல் இருக்கும் மடத்துக்கு வந்திருக்கிறான். மழைக்காலம் முடியும்வரை அங்கேதானாம். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். எனக்கு மவனே இல்லன்னுட்டு டிவி சத்தத்தைக் கூட்டிட்டாங்க.

ஜூலை 12, வெள்ளி

பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாங்க, அங்க என்னதான் சாப்பிடுவானுங்க என்று. யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சோறு, அதுவும் பகல் பன்னிரண்டுக்குள்ளே என்றேன். குழாயை மூடிக் கையைத் துடைத்தாங்க.

"சரி, நானும் வாரேன். சாமியாருக்கு ஆக்கிக் கொடுக்கிறேன். புள்ளைக்கு இல்ல."

யாருக்காக இருந்தால் என்ன? வர்றாங்கல்ல!

ஜூலை 13, சனி

தூக்கம் வரவில்லை. வெள்ளைச் சட்டையை மூன்று தடவை அயர்ன் பண்ணிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

விடியுமுன்னே அம்மா கத்திரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல் எல்லாம் முடித்துவிட்டாங்க. ருசி பாருங்கம்மா என்றேன். சாமிக்குப் படைக்கிறத யாராச்சும் வாயில வைப்பாங்களான்னு ஒரு முறை முறைச்சாங்க. முன்பு நாங்கள் இருந்த சிலிம் ரிவர் தோட்டத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போதும் இப்படித்தான்.

குனோங் ராபாட் வீட்டிலிருந்து ஆறரைக்குக் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளில் பாடிக்கொண்டே மைவி காரை ஓட்டினேன். மேலே பனி. குளிர். பத்தரைக்கு பிக்குகள் பாத்திரத்தோடு வரிசையாக வந்தார்கள். மூன்றாவது ஆள் — அண்ணன். எவ்வளவு இளைத்துவிட்டான்! 'டேய்' என்று கத்தப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பெண்கள் கையிலிருந்து நேராக வாங்கக்கூடாதாம். அவன் ஒரு காவித் துணியை விரித்து நுனியைப் பிடித்துக்கொண்டான், அதன்மேல்தான் வைக்கணும். பெத்தவள் கையிலிருந்தும் வாங்க மாட்டானா? கேரியரோடு அம்மா அப்படியே நின்னுட்டாங்க. திரும்பிப் போயிடுவாங்கன்னு எனக்கு உசிரே போச்சு. அப்புறம் குனிந்து துணிமேல் வைத்தாங்க.

அவர்கள் எடுத்துக்கொண்டது போக மீதியை வந்தவர்கள் சாப்பிடலாம். முதல் வாய் வைத்தேன். ஐயோ கடவுளே — சாம்பாரில் ஒரு கல் உப்பு இல்லை. அம்மாவும் வாயில் வைத்தாங்க. முகம் செத்துப்போச்சு. உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற ஆள் அண்ணன்! பார்த்தால், பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டிருக்கிறான்.

அதற்கப்புறம் அவனோடு பேச விட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அம்மா அவனிடம் பேசிய முதல் பேச்சு:

"உப்பு இல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சோத்துல குறை சொல்லக்கூடாதும்மா." லேசாகச் சிரித்தான். "ஆனா கத்திரிக்கா உங்க கைக் கத்திரிக்காதான்."

இறங்கும்போது காலிக் கேரியர் அம்மா மடியில். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓட்டினேன்.

ஜூலை 15, திங்கள்

அம்மா கேரியரை இன்னொரு தடவை விளக்கி வைத்தாங்க. டிவி போடவில்லை.

ஜூலை 29, திங்கள்

அடுத்த லீவு எப்போ கிடைக்கும்னு அம்மா கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். சும்மாதானாம். சும்மா!

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கிளம்பப் போகிறோம், சட்டென்று எழுதிவிடுகிறேன். அடுப்பில் அதே கத்திரிக்காய் சாம்பார். அம்மா கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாங்க. உப்புப் போட்டாங்க. மறுபடியும் நக்கிப் பார்த்தாங்க.

என் வாய் சும்மா இருக்குமா? சாமிக்குப் படைக்கிறத வாயில வைக்கலாமான்னு கேட்டேன்.

"சாமிக்கு யாருடி ஆக்குறா?" என்றாங்க. "போ, போய் காரை எடு."