சாத்துக்குடிக்கு அடியில்

மச்சான், உன் முட்டி பெல்ட் இப்போது என் காலில் இருக்கிறது.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில், மழை ஈரத்தில் வழுக்கி, வலது முட்டி திருகிக்கொண்டது. கேள்விப்பட்டதும் உன் எஸ்தர் இந்தப் பெல்ட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். "அவரு போட்டதுதான். நல்லாத்தான் கீது, போட்டுக்கோங்கண்ணா" என்றாள். நீ நெஞ்சுவலியில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் சர்ச்சில் கொடுத்துவிட்டவள் இதை மட்டும் வைத்திருந்திருக்கிறாள்.

அவள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். உள்பக்கத் துணியில் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. விரலை விட்டால் தட்டையாக என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தேன். நம் புகையிலைப் பாக்கெட், பாதித் தூள் மிச்சத்தோடு. இத்தனை நாள் கழித்தும் அந்த நெடி அப்படியே இருந்தது. சொன்னால் திட்டுவாய், எனக்கு வாயில் எச்சில் ஊறியது. சே, நானெல்லாம் என்ன ஜென்மம் என்று ஆகிவிட்டது.

எஸ்தர் கண்ணில் படாமல் நீ ஒளித்து வைத்தது. வாங்கிக் கொடுத்தது நான்.

இரும்புலியூர் மைதானத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வாலிபாலில் நீ எகிறி அடித்துவிட்டுக் கீழே இறங்கியபோது 'டப்' என்று ஒரு சத்தம். வலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. ஜவ்வு அறுந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்றார்கள். உன்னோடு உள்ளே வந்து நின்றது நான். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"ஸ்மோக் பண்ணுவீங்களா?"

"சத்தியமா இல்ல சார்."

"ட்ரிங்க்ஸ்?"

"அந்த வாசனையே ஆகாது சார்."

இரண்டும் உண்மை. உதட்டுக்கு அடியில் ஒதுக்குவதில் புகை எங்கே வருகிறது? வெளியே வந்ததும் நீ கண்ணடித்தாய். "கேட்டதுக்குக் கரெக்டா பதில் சொன்னேனா இல்லியா?" நான் சிரித்தேன். அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் இரண்டு பாக்கெட் இருந்தது.

அதுவரைக்கும் நமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆபரேஷன் முடிந்து நர்ஸம்மா கொடுத்த தாளுக்கு என்ன சொல்வது? பீடி, சிகரெட், வாயில் போடும் புகையிலை எதுவும் கூடாது, வைத்துத் தைத்த ஜவ்வு ஒட்டாமல் போகும் என்று தமிழில்தான் போட்டிருந்தது. நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ தாளை வாங்கி நாலாக மடித்தாய். "இன்னா மச்சான், ஆபரேஷன் காலுல. வாயில இல்லியே."

அதற்கும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் பெருங்களத்தூரில் இறங்குவேன். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு கடையில் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். தடை செய்த சரக்கு, பேர் சொல்லிக் கேட்கக் கூடாது, என் முகத்தைப் பார்த்தாலே கை உள்ளே போகும். மேலே அஞ்சாறு சாத்துக்குடி, அடியில் தாளில் சுற்றிய பாக்கெட். மூணு மாசம் ஒரு நாள் தவறியதில்லை. எஸ்தர் அந்தச் சாத்துக்குடியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வாள்: "கூடப் பொறந்தவங்ககூட இப்படி வரமாட்டாங்க. தெனம் பழம் வாங்கினு வராரு அண்ணன்." நான் தலையைக் குனிந்துகொள்வேன், கூச்சப்படுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது வாரம் ஒருநாள், எஸ்தர் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, நீ என் கையைப் பிடித்தாய். "மச்சான், நாளைக்கு வாங்கினு வராத. விட்ரலாம்னு கீறேன். பேஜாரா கீதுடா, அவகிட்ட மறைச்சி மறைச்சி." சரி என்று தலையாட்டினேன்.

மறுநாளும் வாங்கி வந்தேன். "இருக்கட்டும், அவசரத்துக்கு" என்று நானே உன் தலையணைக்கு அடியில் செருகினேன். நான் கிளம்பும்போது உன் உதடு உப்பியிருந்தது.

ஏன் செய்தேன்? நட்பு, பாசம் என்று பூசி மெழுகலாம். அது பொய். கம்பெனி பஸ்ஸில், தூக்கம் கலைய என்று முதல் சிட்டிகையை உன் உள்ளங்கையில் வைத்தவன் நான். நீ விட்டுவிட்டால் அந்தப் பஸ்ஸில் உதட்டை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான் ஒருத்தன்தான். நீ தேறிவிட்டாய், நான் மட்டும் கெட்டவன் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில், உன் கால் போனாலும் போகட்டும் என்று இருந்திருக்கிறேன்.

ஆறாவது மாதம் எஸ்தர் தண்ணீர் கேனை ஸ்டாண்டில் தூக்கி வைக்கச் சொன்னாள். தூக்கினாய், முட்டி நழுவியது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஜவ்வு சரியாகப் பிடிக்கவே இல்லை, வேறு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதற்குள் எஸ்தர் ஓவென்று அழுதுவிட்டாள். "நான்தான் டாக்டர். கேனைத் தூக்குங்கன்னு சொன்ன பாவி நான்தான்." நாம் இருவரும் அவளை அழவிட்டோம். இன்னொரு ஆபரேஷனுக்கு நீ சம்மதிக்கவே இல்லை. அதற்குப் பிறகு விசில் ஊதிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாய்.

இந்த முறை என் முட்டியைப் பார்த்த டாக்டர் என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "புகை இல்ல டாக்டர். வாயில வைப்பேன், இருபது வருஷமா" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அவ்வளவுதானா மச்சான்? இவ்வளவு சின்ன வாக்கியமா அது? உன் கதையையும் சொல்லிக் கேட்டேன். "இதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா புகையிலை ஜவ்வை ஒட்ட விடாது. கேன் மேல மட்டும் பழி போட முடியாதுங்க" என்றார்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மூன்று மாடியும் ஒவ்வொரு படியாக ஏறி, உன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். உன் முட்டி நழுவிய அன்றிலிருந்து உங்கள் வீட்டில் கேன் கிடையாது. ரெண்டு லிட்டர் பாட்டிலில் அவளே கீழிருந்து ஏற்றுகிறாள். அந்தப் பாட்டில்கள் சமையலறை ஓரம் வரிசையாக நின்றன. பாக்கெட்டை மேசைமேல் வைத்தேன். முதல் சிட்டிகையிலிருந்து தலையணை வரை எல்லாவற்றையும் சொன்னேன். உன்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மேசைமேலேயே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ கேன் இல்லியா?"

"கேன் மட்டும் இல்லம்மா."

"சாவுற வரைக்கும் அவருகூட சொல்லலியே."

பெல்ட்டைக் கழற்றப் போனேன். "வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அந்தப் பக்கம் திரும்பி, "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

புகையிலையை விட்டுவிட்டேன் மச்சான். இன்னும் கை சட்டைப் பைக்குப் போகிறது, தடவிவிட்டுத் திரும்பி வருகிறது. முட்டியும் மெல்லத் தேறுகிறது. ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கும்போது தொடங்கியது இன்னும் ஓயவில்லை. அவள் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். இருபது வருஷமாக எந்தப் பேச்சுக்கும் கடைசியில் அவள் வைக்கும் அந்த 'அண்ணா' அதில் எங்கேயும் இல்லை.